மூன்று பட்டை, நான்கு பட்டை: விமானி அறையில் மரியாதை என்பது எது?

வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் தெரு. எதிர்வீட்டு அக்காவின் மகன் இரண்டு வருஷமாக ஒரு விமான நிறுவனத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர். தெருவே கொண்டாடிய பையன். ஆனால் ரேஷன் கடை வரிசையில் அக்காவை நிறுத்தி இப்போது எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "உன் புள்ள இன்னும் கோ-பைலட்டு தானா? எப்ப ஃபுல் பைலட் ஆவான்?"

போன மாதம் அக்கா என்னிடமே கேட்டுவிட்டார். "நீ ஏர்போர்ட்ல தானப்பா வேலை பார்க்குற. உண்மையைச் சொல்லு. கோ-பைலட்னா பக்கத்துல உக்காந்து பார்த்துக்கினு வர்றவனா?"

அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. அக்காவுக்கு வாசலில் நின்றபடி சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் விமானி இல்லை. மீனம்பாக்கத்தில் லோடு ஷீட் போடுகிறவன். விமானத்தில் எத்தனை பேர், எந்தெந்த வரிசையில், எத்தனை கிலோ பெட்டி, எந்த அறையில் என்று கணக்குப் போட்டு, எடை எங்கே மையம் கொள்கிறது என்று காட்டும் தாள் அது. கதவு மூடுவதற்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டு காக்பிட்டுக்குள், அதாவது விமானி அறைக்குள் போய், கேப்டனிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். ஒரு விமானத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம்தான் உள்ளே நிற்பேன். பல வருஷம், பல விமானம் என்று நின்றதில், இரண்டு இருக்கைகளுக்கு நடுவே என்ன ஓடுகிறது என்பது ஓரளவு பிடிபட்டுவிட்டது.

முதலில் அடிப்படை. இடப்பக்க இருக்கையில் இருப்பவர் கேப்டன், தோளில் நான்கு பட்டை. வலப்பக்கம் ஃபர்ஸ்ட் ஆபீசர், மூன்று பட்டை. பேச்சில் எஃப்.ஓ. என்பார்கள். கோ-பைலட் என்று நாம் சொல்வது இவரைத்தான். இவர் முழு விமானி. நம் நாட்டில் வணிக விமானி உரிமம் வாங்கவே குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்குமேல், ஓட்டப்போகிற விமான வகைக்கென்று தனிப் பயிற்சி, தனித் தேர்வு. கேப்டனாவதற்குத் தேவையான பெரிய உரிமத்துக்கு 1500 மணி நேரம் வேண்டும். அந்த மணிகளைத்தான் எஃப்.ஓ. வலப்பக்க இருக்கையில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

அக்காவை வியக்க வைத்தது அடுத்து நான் சொன்னது. சென்னையிலிருந்து மதுரைக்குக் கேப்டன் ஓட்டிப் போனால், மதுரையிலிருந்து திரும்பும்போது பெரும்பாலும் எஃப்.ஓ. தான் ஓட்டி வருவார். மேலெழும்புவதும் அவர், இறக்குவதும் அவர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கண்காணிப்பவர்: ரேடியோவில் பேசுவது, வேகம், உயரம், எரிபொருள் பார்ப்பது, தவறு நடந்தால் குரல் கொடுப்பது. இந்த இரண்டு வேலைகளும் கை மாறிக்கொண்டே இருக்கும். மாறாதது ஒன்றுதான். யார் ஓட்டினாலும் விமானத்துக்குப் பொறுப்பு கேப்டன். இறுதி முடிவு அவருடையது.

"அப்போ என் புள்ள ஓட்டுறானா?" என்றார் அக்கா. ஓட்டுகிறான் அக்கா. நீங்கள் ஏறுகிற விமானங்களில் ஏறக்குறைய பாதியைத் தரையிறக்குவது உங்கள் பிள்ளையைப் போன்ற மூன்று பட்டைக்காரர்கள்தான்.

இனி, போட்டி. பட்டை, இருக்கை இரண்டோடு அது முடிவதில்லை. புதிதாகச் சந்திக்கும் இரண்டு விமானிகள் பேசுவதைக் கேட்டால் முதல் ஐந்து நிமிஷத்துக்குள் எத்தனை ஹவர்ஸ், எந்த டைப், எந்த பேட்ச் என்ற மூன்று கேள்விகளும் வந்துவிடும். ஹவர்ஸ் என்றால் வாழ்நாளில் பறந்த மணி நேரம். டைப் என்றால் ஓட்டும் விமானம்: விசிறி வைத்த ஏ.டி.ஆரா, ஏர்பஸ் 320-ஆ, கண்டம் தாண்டும் பெரிய போயிங்கா. விமானப்படையிலிருந்து வந்தவரா, சொந்தக் காசில் படித்து வந்தவரா என்பதும் ஓர் அளவுகோல். ஒரே பேட்ச்சில் சேர்ந்தவர்களில் ஒருவருக்கு முதலில் கமாண்ட் கிடைத்துவிட்டால், அதாவது இடப்பக்க இருக்கைக்கு உயர்வு வந்துவிட்டால், மற்றவர்கள் முகத்தில் வாழ்த்தும் வலியும் சேர்ந்தே தெரியும். நான் பார்த்திருக்கிறேன். அதைக் குறையாக நினைக்கவில்லை. பல லட்ச ரூபாய் கடன் வாங்கி, மருத்துவப் பரிசோதனைக்கு மருத்துவப் பரிசோதனை பயந்து, வருஷக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அந்த வலி நியாயமானதுதான்.

பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் இருப்பவர்களுக்கு இந்த ஏணியைப் புரியவைக்க விமானமே தேவையில்லை. இங்கே ரயில்வேயில் யாராவது இல்லாத குடும்பம் குறைவு. ரயில் ஓட்டுகிறவர்களுக்கும் இதே ஏணி உண்டு. உதவி லோகோ பைலட்டாகச் சேர்ந்து, ஷண்டிங், பிறகு கூட்ஸ், பிறகு பாசஞ்சர், கடைசியில் மெயில், எக்ஸ்பிரஸ் என்று ஏறுவார்கள். எங்கள் தெருக்கோடியில் ஒரு மாமா இருக்கிறார். ரிடையர் ஆகிப் பல வருஷமாகியும் அவரைத் தெருவே 'மெயில் டிரைவர்' என்றுதான் சொல்லும். வெறும் டிரைவர் என்று யாராவது சொன்னால் பக்கத்தில் இருப்பவரே திருத்துவார். கூட்ஸ் வண்டி ஓட்டுவது லேசான வேலை இல்லை. ஆனாலும் மெயில் என்ற சொல்லுக்கு ஒரு மவுசு. பெரிய போயிங் ஓட்டுகிறவருக்கும் ஏ.டி.ஆர். ஓட்டுகிறவருக்கும் நடுவே இருப்பது அதே மவுசுதான். சின்ன ஊர் ஓடுபாதைகளில் ஒரே நாளில் ஆறு முறை ஏறி இறங்குகிற ஏ.டி.ஆர். விமானியின் கைத்திறன் எந்தப் பெரிய விமான விமானிக்கும் குறைந்ததல்ல என்பது என் உறுதியான எண்ணம். பட்டையையும் விமானத்தின் பருமனையும் வைத்து ஊர் மதிப்பிடுகிறது, அவ்வளவுதான்.

விமானிகளுக்கு மட்டும் ஏன் இந்த எண்ணிக்கைப் போட்டி இவ்வளவு கூர்மையாக இருக்கிறது? எனக்குத் தோன்றும் காரணம் இது. சமையல்காரரின் திறமை நாக்கில் தெரியும், வக்கீலின் திறமை தீர்ப்பில் தெரியும். நல்ல விமானி ஓட்டிய பயணத்தில் எதுவுமே நடக்காது, பயணி தூங்கிக்கொண்டே வந்து இறங்கிப் போவார். திறமை கண்ணுக்குத் தெரியாத தொழிலில் பட்டையும் மணிக்கணக்கும்தான் வெளியே தெரிகிற அடையாளம்.

இதில் மிகக் கனமான அடையாளம் சீனியாரிட்டி. வேலையில் சேர்ந்த வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். அமெரிக்கா போன்ற நாடுகளில் பெரிய விமானத்துக்கு மாறுவது, எந்த ஊரைத் தளமாக வைப்பது, பண்டிகை நாட்களில் விடுப்பு என்று எல்லாமே அந்த எண்ணைப் பொறுத்தது. வேறு நிறுவனத்துக்குப் போனால் இருபது வருஷ கேப்டனும் பட்டியலின் அடியில் போய் நிற்க வேண்டும். நம் ஊரில் அவ்வளவு இறுக்கம் இல்லை. ஆனாலும் வரிசை கலைந்தால் என்ன ஆகும் என்பதை நாமும் பார்த்துவிட்டோம். 2007-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒன்றாக்கப்பட்டன. இரண்டு நிறுவனம், இரண்டு வரிசை. புதிதாக வரவிருந்த போயிங் 787-ஐ ஓட்டும் பயிற்சி யாருக்கு என்ற கேள்வியில் அது வெடித்தது. பழைய ஏர் இந்தியா விமானிகள், மற்ற தரப்புக்கும் அந்தப் பயிற்சியைப் பகிர்வதை எதிர்த்து 2012 மே மாதம் வேலைக்கு வராமல் நின்றார்கள். ஜூலை தொடக்கம் வரை இழுத்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு விமானத்துக்கா இத்தனை சண்டை என்று தோன்றியிருக்கும். யார் எப்போது கேப்டன் ஆவார் என்பதுதான் உள்ளே இருந்த சண்டை.

சீனியாரிட்டியைப் பலர் திட்டுவார்கள். எனக்கு அதில் பிடித்த ஒன்று உண்டு. வரிசை தேதியால் அமைவதால், பக்கத்தில் இருக்கும் கேப்டனுக்கு ஒரு எஃப்.ஓ.வைப் பிடிக்காமல் போனாலும், அந்தக் கோபத்தால் மட்டும் வரிசையில் அவரைக் கீழே தள்ள முடியாது. பயமில்லாமல் வாய் திறக்க அது ஒரு சின்னக் காப்பு. வாய் திறப்பது இந்தத் தொழிலில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதுதான் இனி நான் சொல்லப்போவது.

அதற்கு ஒரு சொல் இருக்கிறது. பயிற்சி வகுப்புகளில் அத்தாரிட்டி கிரேடியன்ட் என்பார்கள். தமிழில் அதிகாரச் சரிவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பலகையின் ஒரு முனையில் கேப்டன், மறுமுனையில் எஃப்.ஓ. கேப்டன் முனை ரொம்ப உயர்ந்து பலகை செங்குத்தாகிவிட்டால் கீழே இருப்பவரின் குரல் மேலே ஏறாது. தவறு கண்ணில் பட்டாலும் சொல்லத் தயங்குவார், சொன்னாலும் முனகலாகச் சொல்வார். பலகை முற்றிலும் மட்டமாகிவிட்டாலும் ஆபத்துதான். சமமான இரண்டு கேப்டன்களை ஒரே காக்பிட்டில் உட்கார வைத்தால், அவர் பார்த்துக்கொள்வார் என்று இருவரும் விட்டுவிடக்கூடும், அல்லது முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் விவாதம் நடக்கும். லேசான சரிவு வேண்டும். முடிவு யாருடையது என்பதும் தெரிய வேண்டும், கீழிருந்து மேலே பேச்சும் போக வேண்டும்.

செங்குத்துச் சரிவின் விலை உலகத்துக்குத் தெரிந்தது 1977 மார்ச் 27 அன்று. ஸ்பெயினின் கேனரி தீவுகளில் உள்ள டெனரிஃப் விமான நிலையம். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் அங்கே போக வேண்டிய விமானங்கள் எல்லாம் இந்தச் சின்ன நிலையத்தில் வந்து குவிந்திருந்தன. மூடுபனி வேறு. கே.எல்.எம். நிறுவனத்தின் ஜம்போ, அதாவது போயிங் 747, ஓடுபாதையின் ஒரு கோடியில் புறப்பாட்டுக்குத் தயாராக நிற்கிறது. பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு ஜம்போ அதே ஓடுபாதையில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது. பனியில் ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை.

கே.எல்.எம். கேப்டன் அந்த நிறுவனத்தில் சாதாரண ஆள் இல்லை. ஜம்போ விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் தலைமை ஆசான். நிறுவன விளம்பரத்தில் சிரித்த முகம் அவருடையது. பக்கத்தில் இருந்த ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு ஜம்போ ஓட்டத் தகுதி உண்டு என்று சுமார் இரண்டு மாதத்துக்கு முன்னால் தேர்வு நடத்திச் சான்று கொடுத்தவரும் இவரே. நமக்குப் பாஸ் மார்க் போட்ட வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து தவறு செய்தால் நாம் எத்தனை முறை திருத்துவோம்?

அந்த ஃபர்ஸ்ட் ஆபீசர் ஒரு முறை திருத்தினார். கேப்டன் விசையை முன்னே தள்ளியபோது, இன்னும் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வரவில்லை என்று சொன்னார். கேப்டன் நிறுத்தினார். பிறகு, புறப்பட்டபின் எந்த வழியில் போக வேண்டும் என்ற தகவல் வந்தது. அது ஓடத் தொடங்குவதற்கான அனுமதி அல்ல. கேப்டன் விமானத்தை ஓட்டத் தொடங்கிவிட்டார். இந்த முறை ஃபர்ஸ்ட் ஆபீசர் தடுக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த விமானப் பொறியாளர் மட்டும், அந்தப் பான் ஆம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. இரண்டு விமானங்களிலும் சேர்த்து 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இன்றுவரை இல்லை. பனி, ரேடியோவில் ஒருவர் மேல் ஒருவர் பேசியது, தாமதமானதால் வந்த அவசரம் என்று காரணங்கள் பல. ஆனால் கேள்வியாக வந்த அந்தக் கடைசி எச்சரிக்கை என் மனதை விட்டுப் போவதில்லை. அவருக்குச் சந்தேகம் இருந்தது. அதை நிறுத்துங்கள் என்று சொல்லாமல், விலகவில்லையோ என்று கேட்டார்.

நமக்கு நெருக்கமான இன்னொன்று. 2010 மே 22, மங்களூரு. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். மலை உச்சியை வெட்டிச் சமன் செய்த ஓடுபாதை, முடிந்த இடத்துக்கு அப்பால் பள்ளம். பயணத்தில் நீண்ட நேரம் கேப்டன் தூங்கியிருந்தார் என்று விசாரணையில் தெரிந்தது. இறங்கும்போது விமானம் இருக்க வேண்டியதைவிட மிக உயரத்தில் இருந்தது. இறங்காமல் மீண்டும் மேலே போய்ச் சுற்றி வருவதைக் கோ அரவுண்ட் என்பார்கள். ஃபர்ஸ்ட் ஆபீசர் மூன்று முறை கோ அரவுண்ட் சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் இறந்தார்கள், 8 பேர் பிழைத்தார்கள். விசாரணை நீதிமன்றம் கேப்டனின் பிடிவாதத்தை நேரடிக் காரணமாகச் சொன்னது. கூடவே இன்னொன்றையும் குறித்தது: தானே கட்டுப்பாட்டை எடுத்துக் கோ அரவுண்ட் செய்ய ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு அதிகாரம் உண்டா என்பதில் விதிகள் தெளிவாக இல்லாதிருந்ததால்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னாரே தவிர, கையில் எடுக்கவில்லை போலும் என்று.

இந்த இடத்தில் அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பெரியவங்க பேச்சை மீறாதேன்னு சொல்லித்தானே வளர்த்தோம்" என்றார்.

அதுதான் விஷயத்தின் மையம். நமக்கு மரியாதை என்றால் எதிர்த்துப் பேசாமை. அப்பாவிடம், வாத்தியாரிடம், ஆபீஸில் மேலாளரிடம் அப்படித்தான் பழகியிருக்கிறோம். தவறைச் சுட்டிக்காட்டவே வேண்டுமென்றாலும் நாம் நேராகச் சொல்வதில்லை. "சார், மழை கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு போல" என்று ஒரு சாடை. சொல்கிறவருக்குச் சொல்லிவிட்ட திருப்தி, கேட்கிறவருக்குக் கேட்காத மாதிரி இருந்துவிடும் வசதி. காக்பிட்டில் அந்தச் சாடைக்கு இடமில்லை.

டெனரிஃபுக்கு அடுத்த வருஷமே அமெரிக்காவின் போர்ட்லாண்டில் இன்னொரு விபத்து. சக்கரம் சரியாக இறங்கியதா என்ற கவலையில் கேப்டன் வானிலேயே சுற்றிக்கொண்டிருக்க, எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவதைக் காக்பிட்டில் இருந்த மற்ற இருவரும் கவனித்தும் அழுத்திச் சொல்லவில்லை. விமானத்தில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை, ஓட்டத் தெரியாதவர்களும் இல்லை, பேச்சுதான் போதவில்லை என்று புரிந்தபிறகு, 1979-ல் நாசா ஒரு பட்டறை நடத்தியது. 1981-ல் யுனைடெட் நிறுவனம் முதன்முதலாகத் தன் விமானிகளுக்கு இதற்கென்றே ஒரு பயிற்சியைத் தொடங்கியது. இன்று அதன் பெயர் க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட், சுருக்கமாக சி.ஆர்.எம். உலகம் முழுக்க விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் இது கட்டாயம். கீழே இருப்பவருக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறது, மேலே இருப்பவருக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்கிறது. இரண்டாவதுதான் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சி.ஆர்.எம். என்ன செய்யும் என்பதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. 1989 ஜூலை 19. யுனைடெட் நிறுவனத்தின் டிசி-10 விமானத்தில் வால் எஞ்சின் வெடித்துச் சிதறி, எண்ணெய் அழுத்தத்தால் கட்டுப்பாடுகளை இயக்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் போய்விட்டன. திருப்பவோ, ஏற்றவோ, இறக்கவோ எந்தக் கட்டுப்பாடும் வேலை செய்யவில்லை. அந்த விமானத்தில் டென்னி ஃபிட்ச் என்பவர் பயணியாக உட்கார்ந்திருந்தார். அதே நிறுவனத்தில், அதே வகை விமானத்துக்கு, விமானிகளைப் பயிற்றுவித்துச் சோதிக்கும் அதிகாரி. தன்னால் உதவ முடியுமா என்று பணிப்பெண் வழியாகக் கேட்டனுப்பினார்.

கேப்டன் அல் ஹெய்ன்ஸ் அந்த இடத்தில் நினைத்திருக்கலாம்: நான் கேப்டன், என் விமானம், என்னைச் சோதிக்கிற ஆள் வந்து என் அறையில் நிற்பதா? அவர் அப்படி நினைக்கவில்லை. வரச் சொன்னார். ஃபிட்ச் உள்ளே வந்து, நான் பெரியவன் நகருங்கள் என்று சொல்லவில்லை. விமானிகள் இருவருக்கும் நடுவில், தரையில் மண்டியிட்டு, எஞ்சின் விசைகளைக் கையில் பிடித்துக்கொண்டார். மிஞ்சியிருந்த இரண்டு எஞ்சின்களுக்கும் கூட்டிக் குறைத்துக் கொடுத்தே விமானத்தைத் திருப்பி, அமெரிக்காவின் சியூ சிட்டி ஓடுபாதைவரை கொண்டுவந்தார்கள். இறங்கும்போது விமானம் உடைந்து உருண்டது. 296 பேரில் 184 பேர் உயிரோடு வந்தார்கள். யாருமே பிழைத்திருக்க வாய்ப்பில்லாத விபத்து அது. பின்னாளில் ஹெய்ன்ஸ் ஊர் ஊராகப் பேசியபோதெல்லாம் தன் திறமையைச் சொல்லவில்லை. அந்த நிலைமையை அறையில் இருந்த ஒருவரும் அதற்குமுன் சந்தித்ததில்லை, அப்படியிருக்க மற்றவர்களைவிட எனக்கு மட்டும் எப்படி அதிகம் தெரிந்திருக்கும் என்பதுதான் அவர் வாதம். சோதிக்கிற அதிகாரி தரையில் மண்டியிட்டதும், சோதிக்கப்படுகிற கேப்டன் அவர் கையில் விசையைக் கொடுத்ததும்தான் என் அகராதியில் விமானி மரியாதை.

இன்று அந்தப் பண்பை ஆளைப் பொறுத்து விடாமல் வார்த்தைகளிலேயே கட்டிவைத்திருக்கிறார்கள். வேகம் குறைந்தால் கண்காணிப்பவர் சொல்ல வேண்டியது 'ஸ்பீட்' என்ற ஒரு சொல். குறிப்பிட்ட உயரத்தில் விமானம் நிலைப்படாவிட்டால் 'கோ அரவுண்ட்'. ஒரு தமிழன் காதுக்கு இதில் பெரிய நிம்மதி உண்டு. நம் மொழியில் ஒரு வாக்கியம் சொல்வதற்கு முன்னால் நீயா, நீங்களா, 'வாங்க'வா, 'வா'வா என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவிலேயே யார் மேல், யார் கீழ் என்பது வந்துவிடும். 'ஸ்பீட்' என்பதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை, சாரும் இல்லை. ஐம்பத்தெட்டு வயது கேப்டனிடம் இருபத்து நான்கு வயதுப் பிள்ளை அதைச் சொல்லலாம். அவமரியாதை ஆகாது. சொல்லாமல் விட்டால்தான் தப்பு. இரண்டு முறை சொல்லியும் ஓட்டுகிறவரிடமிருந்து பதில் இல்லையென்றால், மற்றவர் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்று பயிற்சியில் பரவலாகச் சொல்லித் தருகிற பாடம்.

இதைக் கேட்டு மெயில் டிரைவர் மாமா, "இதையேதான் நாங்களும் செஞ்சோம்" என்றார். ரயில் எஞ்சினில் சிக்னல் தெரிந்ததும் ஒருவர் கையை நீட்டி நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவரும் பார்த்து அதையே திரும்பச் சொல்ல வேண்டும். இரவு மூன்று மணிக்கு, யாரும் பார்க்காதபோதும். ஒரு முறை தான் பச்சை என்று சொன்னபோது பக்கத்தில் இருந்த உதவியாளர், புதுப் பையன், திரும்பச் சொல்லாமல் "எல்லோ சார்" என்றானாம். பக்கத்து லைன் சிக்னலைத் தான் பார்த்துவிட்டதாக மாமா சொன்னார். பேசின் பிரிட்ஜ் பக்கம் கிளைகிளையாகப் பிரிகிற தண்டவாளங்களைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சுலபமான தவறு என்று தெரியும். "அவன் பேரை இன்னும் மறக்கல" என்றார். ஆண்டுகள் கடந்து ஒரு மேலதிகாரி, தன்னைத் திருத்திய சின்னவன் பெயரை நினைவில் வைத்திருக்கிறார். பட்டை எதுவும் தராத மதிப்பு அது.

இன்னொன்றும் அக்காவிடம் சொன்னேன். விமானி எத்தனை ஆயிரம் மணி பறந்திருந்தாலும் வருஷத்துக்கு இரண்டு முறை சிமுலேட்டரில், அதாவது தரையில் இருக்கும் மாதிரி விமானி அறையில் உட்கார்ந்து தேர்வு எழுதுவது போலப் பறந்து காட்ட வேண்டும். எஞ்சின் தீப்பிடிக்கும், ஹைட்ராலிக் போகும், எல்லாம் அந்த நாலு மணி நேரத்தில். தேர்வு நடத்துகிறவர் வயதில் சின்னவராகவும் இருக்கலாம். தேறவில்லை என்றால் நான்கு பட்டையும் வீட்டில்தான். இந்தத் தேர்வுக்கு முந்தின நாள் கேப்டனும் எஃப்.ஓ.வும் ஒரே மேசையில் புத்தகம் விரித்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொள்வார்கள். ஒருவர் தடுமாறினால் மற்றவருடைய தேர்வும் தடுமாறும். ஹவர்ஸ் கேட்டு அளந்துகொண்ட அதே இருவர்தான்.

கடைசியாக என் கதை. இதை அக்காவிடம் சொல்லத் தயங்கினேன், தவறு என்னுடையது என்பதால்.

ஒரு மழைக்கால விடிகாலை. வண்ணாரப்பேட்டை வரை மெட்ரோ வந்த பிறகு, பகல் ஷிப்டுக்கு அங்கே ஏறினால் நேரே ஏர்போர்ட்டில் இறங்குகிறேன். விடிகாலை ஷிப்டுக்கு மெட்ரோ கிடையாது. நனைந்துகொண்டே பைக்கில் வந்து, அவசரமாக உட்கார்ந்து தாள் போட்டேன். சரக்கு அறையில் முன்பக்கம் ஏற்ற வேண்டிய பெட்டிகளில் ஒரு பகுதியை, மழையில் பெல்ட் வண்டி பழுதானதால் கீழே இருந்தவர்கள் பின்பக்க அறையில் ஏற்றிவிட்டிருந்தார்கள். எனக்குச் செய்தி வந்தது. திருத்த மறந்துவிட்டேன். தாளில் பெட்டிகள் முன்னால் இருந்தன, விமானத்தில் பின்னால் இருந்தன.

உள்ளே போனேன். கேப்டன் பெரிய சீனியர். பேனா மூடியைக் கழற்றிவிட்டார். வலப்பக்கத்தில் எஃப்.ஓ., வேலைக்கு வந்து ஆறு மாதம் இருக்கும். சட்டைத் தோள் இன்னும் ஈரம், விமானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்போதுதான் ஏறியிருந்தான். தாளைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "கேப்டன், ஒரு நிமிஷம். முன் ஹோல்டில் இவ்வளவு பெட்டி ஏறினதை நான் பார்க்கல. நான் சுத்தி வரும்போது லோடிங் பின்னாடிதான் நடந்துச்சு."

கேப்டன் அவனைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார். அந்த 'டிக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. என்னிடம் திரும்பி, "கீழ போய் ஒரு தடவை பார்த்துட்டு வாங்க. அவசரமில்ல, நான் டவர்ல சொல்லிக்கிறேன்" என்றார்.

கீழே ஓடினேன். பையன் சொன்னதுதான் சரி. திருத்தி எடுத்துக்கொண்டு ஏறியபோது என் கை நடுங்கியது. ஏழு நிமிஷத் தாமதம். கேப்டன் புதிய தாளை வாங்கி, நேராகக் கையெழுத்துப் போடாமல், வலப்பக்கம் நீட்டினார்.

"நீங்க பார்த்துச் சரின்னு சொல்லுங்க. அப்புறம் நான் போடுறேன்."